சித்தி சொன்ன வால்வு

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். வீட்டில் சித்தி. இது வீட்டில் நடந்த கதை என்பதால் நாமும் சித்தி என்றே வைத்துக்கொள்வோம்.

பயிற்சி வண்டியில் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்து இருக்கையில் சித்தியின் காலடியில் இன்னொன்று இருக்கும். அலுவலகத்தையே ஆட்டிப்படைக்கிற அதிகாரிகள்கூட ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் கை நடுங்கிப் போவார்கள். எதிரே லாரி வந்தாலும் சித்தி குரலை உயர்த்தமாட்டாள். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்பாள். லாரி போனபிறகு, "இப்ப மூச்சு விடலாம்" என்பாள். அப்படிப்பட்டவள் தன் வீட்டு வாசற்படியை மிதித்ததும் வாயில்லாப் பூச்சி ஆகிவிடுவாள் என்று சொன்னால் அந்தப் பள்ளியில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அதற்குக் காரணம் ஒரு முடிவெட்டு. அவள் இரண்டாம் தாரமாக அந்த வீட்டுக்கு வந்தபோது அங்கே இருந்த குழந்தைக்கு ஆறு வயது. குழந்தையைப் பெற்றவள் இரண்டு வருஷத்துக்கு முன்பே புற்றுநோயில் போய்விட்டிருந்தாள். பிள்ளை வயதுக்கு ஏற்ற வளர்த்தி இல்லாமல் இருந்ததால் எல்லோரும் அவளைப் பொடிசு என்று கூப்பிட்டார்கள். பொடிசின் தலை முழுக்கப் பேன். வந்த முதல் மாதம் சித்தி அவளைக் கூட்டிப்போய் முடியைக் கழுத்துக்கு மேலே வெட்டிக்கொண்டு வந்தாள். பொடிசுக்கு ஒரே குஷி. சாயங்காலம் பெரியம்மா வந்தாள். இறந்தவளின் அக்கா அவள். தபால் நிலையத்தில் வேலை. இரண்டு தெரு தள்ளி வீடு. பிள்ளையின் தலையைப் பார்த்தாள். வையவில்லை, சண்டை போடவில்லை. "அது என் தங்கச்சி முடி" என்று மட்டும் சொல்லிவிட்டு, சமையலறையில் போய் நின்றுகொண்டு அழுதாள்.

அன்றைக்குச் சித்தி மனசுக்குள் ஒரு கோடு கிழித்துக்கொண்டாள். சாப்பாடு, துணிமணி, வீட்டுப்பாடம், காய்ச்சல் வந்தால் கண்விழிப்பது எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். இழுத்துப் போட்டுச் செய்வாள். எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஊசி, யார் வீட்டுக்கு அனுப்பலாம் என்பதெல்லாம் அந்தப் பக்கம். கேட்டால், "அப்பாகிட்ட கேளு" என்பாள். மாற்றாந்தாய் நல்லது செய்தால் நடிப்பு, கெட்டது நடந்தால் சதி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேசாமல் இருப்பவளுக்குப் பழி இல்லை என்பது அவள் கணக்கு. ஆறு வருஷம் அந்தக் கணக்கு தப்பவில்லை.

பொடிசுக்குப் பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஒரு கோளாறு. இதயத்திலிருந்து உடம்புக்கெல்லாம் ரத்தம் போகிற பெரிய குழாயின் வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. அது அவளுக்குச் சரியாகத் திறக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு சின்ன பலூனைக் குழாய் வழியே விட்டு அதை விரித்துவிட்டிருந்தார்கள். வருஷா வருஷம் ஸ்கேன் எடுப்பதும், "பார்ப்போம், இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று டாக்டர் சொல்வதும் வழக்கமாகிப் போனது. பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூட மாடிப்படியில் பாதி ஏறியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்ததாக வகுப்பு ஆசிரியை போனில் சொன்னாள். இந்தத் தடவை ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "பார்ப்போம்" என்று சொல்லவில்லை.

அறுவை டாக்டர் ஒரு பெண்மணி. மேஜைமேல் பிளாஸ்டிக்கில் செய்த இதயம் ஒன்று இருந்தது, பெட்டிபோலத் திறக்கலாம். பொடிசின் அப்பா, பெரியம்மா, சித்தி மூவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பொடிசு மேஜையோரம் நின்றுகொண்டு பிளாஸ்டிக் இதயத்தைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"வால்வு இப்ப சரியாத் திறக்கவும் மாட்டேங்குது, சரியா மூடவும் மாட்டேங்குது. போன ரத்தத்துல பாதி திரும்பி வருது. இதயம் வீங்க ஆரம்பிச்சிருக்கு. மூணு வழி இருக்கு" என்றார் டாக்டர்.

முதல் வழி, இருக்கிற வால்வையே தைத்து ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது. எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைப்பது. அது தேயாது, ஆனால் அதன்மேல் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அடிக்கடி ரத்தப் பரிசோதனை. மாத்திரை கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் உறையும். மூன்றாவது வழியைச் சொல்லும்போது டாக்டர் பிளாஸ்டிக் இதயத்தைப் பொடிசின் கையிலிருந்து வாங்கித் திறந்து காட்டினார். நுரையீரலுக்குப் போகிற குழாயிலும் இதே மாதிரி ஒரு வால்வு உண்டு. அவளுடைய அந்த நல்ல வால்வை எடுத்து, கெட்டுப்போன இடத்தில் வைத்துத் தைப்பது. காலியான இடத்தில், இறந்துபோன யாரோ தானம் கொடுத்த வால்வை வைப்பது. இடம் மாறிய வால்வு அவளோடு சேர்ந்து வளரும், மாத்திரை வேண்டாம். ஆனால் பெரிய ஆபரேஷன். தானமாக வந்த வால்வு ஒருநாள் பழுதாகும். அதை மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

"மெட்டல் வச்சா சத்தம் வருமா?" என்று கேட்டாள் பொடிசு.

"அமைதியான இடத்துல டிக் டிக்னு லேசாக் கேக்கும்."

"பரீட்சை ஹால்ல?"

"பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேட்டாலும் கேக்கும்."

"ஐயோ. நான் பொய் சொன்னா டிக் டிக்னு வேகமா அடிச்சுக் காட்டிக் கொடுத்துடும்" என்றாள் பொடிசு. டாக்டர் சிரித்தார். நாற்காலியில் இருந்த மூவரும் சிரிக்கவில்லை.

"அவசரமில்லை. ஆனா ஆறப்போடவும் முடியாது. பேசிட்டு வாங்க" என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

பேசினார்கள். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. பொடிசின் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாந்தமான மனிதர், மயிரிழை பிசகாமல் கண்ணாடி இழைப்பவர். முதல் மனைவியை மூன்று தடவை அறுவை மேஜைக்கு அனுப்பி, மூன்றாவது தடவை வெறுங்கையோடு திரும்பியவர். அவருக்கு ஒன்றே ஒன்றுதான். "ஒரே தடவையோட முடியணும். இன்னொரு தடவை அந்தக் கதவுக்கு வெளிய என்னால உக்கார முடியாது. மெட்டல் வச்சிடலாம்."

"பச்சைப் புள்ள நெஞ்சுக்குள்ள இரும்பா?" என்றாள் பெரியம்மா. "இருக்கிறதையே தச்சுக் கொடுக்கட்டும் தம்பி."

"அது தாங்கலன்னா, அண்ணி?"

"தாங்குற வரைக்கும் தாங்கட்டும். அதுக்குள்ள புதுசா ஏதாவது கண்டுபிடிக்க மாட்டாங்களா?"

"அந்த மூணாவது..."

"அதைப் பத்திப் பேசவே பேசாதீங்க. வாசக்கதவு உடைஞ்சா கொல்லைப்பக்கத்து நல்ல கதவைப் பிடுங்கி அங்க மாட்டிட்டு, கொல்லைக்கு வாடகைக் கதவு மாட்டிக்கிறதா? ஒரு வியாதியை ரெண்டு வியாதி ஆக்குற வேலை அது."

அப்புறம் இருவரும் சித்தியைப் பார்த்தார்கள். அவளுக்கு அந்த மூன்றாவது வழிதான் மனசில் ஊன்றியிருந்தது. அது ஏன் என்றும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாய் பழைய பாட்டையே பாடியது: "நீங்க ரெண்டு பேரும் எது சொன்னாலும் எனக்குச் சரிதான்."

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து பொடிசைப் பயிற்சி வண்டியில் கூட்டிவந்தாள். வண்டிமேல் பெரிய சிவப்பு 'L' எழுத்துப் பலகை இருந்ததால் பின்னால் வருகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். பொடிசுக்கு அதில் எப்போதும் ஒரு ராணித்தனம். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள்.

"என்னடி, ஊமைச்சி ஆயிட்ட?"

"அப்பாவும் பெரிம்மாவும் எனக்காகச் சண்டை போடுறாங்க" என்றாள் பொடிசு. "நீ மட்டும் போடல."

"பெரியவங்க முடிவு பண்ணட்டும்னுதான்..."

"நீ பெரியவங்க இல்லயா? எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தி, அவ மிஸ் பண்ண பஸ்ஸுக்கே அவ அம்மா டிரைவர்கிட்ட சண்டை போட்டாங்க. எனக்கு நெஞ்சையே பொளக்கப் போறாங்க. உனக்கு எதுவும் தோணலயா?"

சித்தி சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். பச்சை விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்தவன் ஒலி எழுப்பினான். பிரேக் அக்கா வண்டி என்று தெரிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு சுற்றிப் போனான். பழிக்குப் பயந்து பேசாமல் இருந்தது பிள்ளைக்கு அக்கறையில்லாத மாதிரி தெரிந்திருக்கிறது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த நாள் அவள் தனியாக டாக்டரைப் பார்க்கப் போனாள். வண்டி ஓட்டுகிற கை, மடியில் கிடந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது.

"அவ இன்னும் பெரியவளாகல, டாக்டர். இந்த வருஷமோ அடுத்த வருஷமோ ஆயிடுவா. மெட்டல் வால்வு மாத்திரை சாப்பிட்டா, மாசாமாசம் அது...?"

"அதிகமாப் போகலாம். சில பேருக்கு ரொம்பவே. அதுக்கு மருந்து இருக்கு, சமாளிக்கலாம்."

"நாளைக்கு ஒரு குழந்தை வேணும்னா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கஷ்டம். முடியாதுன்னு இல்ல. ஆனா அந்த மாத்திரை வயித்துல இருக்கிற குழந்தையைப் பாதிக்கும். மாத்தி ஊசி போட்டா வால்வுல ரத்தம் உறையலாம். இருதலைக் கொள்ளிதான்."

"இதை அன்னிக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருக்கணும். அவ பக்கத்துலயே நின்னா. உங்க வீட்டுக்காரரும் ஒண்ணையே திருப்பித் திருப்பிக் கேட்டார், எது ஒரே தடவையோட முடியும்னு. எதுவுமே அப்படி இல்லம்மா. அவ வளர்ற பிள்ளை. இப்ப வைக்கிற மெட்டல் வால்வு வளராது. நாளைக்குச் சின்னதாப் போச்சுன்னா அதையும் மாத்தணும்."

"தைக்கிறது? அக்கா அதைத்தான் கேக்கறாங்க."

"அவ வால்வு தடிச்சுச் சுருங்கிப் போயிருக்கு. நான் தைக்கிறேன்னு சொன்னா அது உங்க அக்கா மனசு ஆறுறதுக்குத்தான்."

"அப்ப மூணாவது?"

"இவளுக்கு அதுதான் பொருந்தும்னு நான் நெனைக்கிறேன். ஆனா அதை நான் அதிகமாப் பண்ணினதில்ல. அதுல கைதேர்ந்த சர்ஜன் ஒருத்தர் இருக்கார், வேற ஊர்ல. அவர்கிட்ட அனுப்புறேன்."

வெளியே வந்த சித்தி காரில் உட்கார்ந்தும் சாவியைத் திருப்பவில்லை. மனசில் இருந்ததை டாக்டரே சொல்லிவிட்டார். இனி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒதுங்க முடியாது.

அந்த வாரக் கடைசியில் பெரியம்மா வந்தபோது சித்தி தேநீர் டம்ளர்களை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள். "நான் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவளோட வால்வையே மாத்தி வைக்கிற ஆபரேஷன்தான் பண்ணணும்."

பொடிசின் அப்பா டம்ளரை எடுத்த கையோடு அப்படியே இருந்தார். பெரியம்மாவுக்கு முகம் சிவந்தது. "யாரைக் கேட்டுப் போன?"

"யாரையும் கேக்கலக்கா."

"நல்லா இருக்கிற வால்வையும் சேத்து வெட்டச் சொல்ற. உன் வயித்துல பொறந்திருந்தா இப்படிச் சொல்லுவியா?"

ஆறு வருஷமாக எந்தச் சொல்லுக்குப் பயந்து ஒதுங்கிப் போனாளோ அந்தச் சொல் வந்து விழுந்துவிட்டது. விழுந்த பிறகு பார்த்தால், அவள் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"தெரியலக்கா. என் வயித்துல எதுவும் பொறக்கல. அதனால எப்படிச் சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியாது. ஆனா நாளைக்கு அவ வயித்துல ஒண்ணு பொறக்கணும்னு அவ ஆசைப்பட்டா, அப்ப அவ நம்ம மூணு பேரையும் கேப்பா." டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். மாதவிலக்கைப் பற்றிச் சொல்லும்போது அவள் கணவர் தரையைப் பார்த்தார். "தரையைப் பாக்காதீங்க. இதை நாமதான் யோசிக்கணும்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. காசு கொடுத்துக் கார் கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் அது தெரியும்.

"ஏதாவது ஆச்சுன்னா?" என்றார் அவர்.

"என்னைத் திட்டுங்க. நான் சொல்லித்தான் ஆச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுங்க."

பெரியம்மா தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனாள். செருப்பை மாட்டும்போது, "எந்த ஊர்? எப்பப் போகணும்னு சொல்லுங்க, லீவு போடணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பொடிசிடம் சித்திதான் சொன்னாள். "அப்ப டிக் டிக் இருக்காதா?" என்று பொடிசு கேட்டாள்.

"இருக்காது."

"சத்தியமா?"

"சத்தியமா."

புதிய ஊரில் சர்ஜன் நரைத்த தலையும் தாழ்ந்த குரலுமாக இருந்தார். எல்லாம் விளக்கிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார். "நெஞ்சைத் திறந்ததும் முதல்ல அந்த இன்னொரு வால்வைப் பாப்பேன். ஸ்கேன்ல அது முழுசாத் தெரியாது. நல்லா இருந்தாத்தான் எடுப்பேன். சரியில்லன்னா அதைத் தொடமாட்டேன். அப்ப என்ன செய்யணும்னு இப்பவே சொல்லிடுங்க. பெரும்பாலும் அப்படி ஆகாது."

"மெட்டல்" என்றார் பொடிசின் அப்பா. சித்தி தலையசைத்தாள். 'பெரும்பாலும் ஆகாது' என்பது அவள் காதில் 'ஆகவே ஆகாது' என்று விழுந்தது. கரையேறியாயிற்று என்று நினைத்தவளுக்கு அலை இன்னும் இருக்கிறது என்று தோன்றவில்லை. பொடிசிடம் போய், 'ஒருவேளை' என்ற ஒரு சொல்லை அவள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் பொடிசைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். தலைக்குப் பச்சைத் தொப்பி. அது கண்வரைக்கும் இறங்கியிருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியல, நான் கல்யாணப் பொண்ணு மாதிரிப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள். கதவு மூடியதும் அவள் அப்பா கொஞ்சநேரம் உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. "காத்தாட நடந்துட்டு வரேன்" என்று போனார். போனை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார். சித்தியும் பெரியம்மாவும் நடுவில் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் கைகழுவுவது எப்படி என்று படம்படமாக ஒட்டியிருந்தது. அதைச் சித்தி மனப்பாடம் ஆகும்வரை பார்த்தாள்.

காலைப்பொழுது பாதிகூடப் போயிருக்காது, கதவு திறந்தது. இவ்வளவு சீக்கிரம் திறக்கக்கூடாது என்பது இருவருக்கும் தெரியும். இளம் டாக்டர் ஒருவர், முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்துக்கொண்டு வந்தார்.

"பயப்படாதீங்க. இதயத்துக்குப் பதிலா மெஷின் ஓடுது, குழந்தை பத்திரமா இருக்கா. மாத்தி வைக்க நினைச்ச வால்வு நல்லா இல்ல. மூணு இதழ் இருக்கணும், ரெண்டுதான் இருக்கு. ஒண்ணுல ஓட்டை. அதைக் கொண்டுபோய் வச்சா கொஞ்ச நாள்ல கிழிஞ்சிடும். மெட்டல்னு முன்னமே சம்மதம் கொடுத்திருக்கீங்க. ஆனா நீங்க அது வேண்டாம்னுதான் இவ்வளவு தூரம் வந்தீங்கன்னு சாருக்குத் தெரியும். மிருகத் திசுல செஞ்ச வால்வு ஒண்ணு இருக்கு, அதையும் வைக்கலாம், மாத்திரை வேண்டாம். ஆனா இந்த வயசுல அது சீக்கிரம் கல்லாயிடும், சில வருஷத்துல மறுபடி திறக்கணும். ஒருதடவை கேட்டுட்டு வரச் சொன்னார். அப்பா எங்க?"

சித்தி நாற்காலியில் கிடந்த போனைப் பார்த்தாள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வயதில் மூத்தவள் என்று பெரியம்மா பக்கம் திரும்பினார்.

பெரியம்மா கையைத் தூக்கிச் சித்தியைக் காட்டினாள். "இவகிட்ட கேளுங்க."

எதைக் கூடாது என்று வீட்டில் நின்று வாதாடினாளோ, அதையே இப்போது தன் வாயால் கேட்க வேண்டும். மிருகத் திசு வால்வு என்றால் சில வருஷத்தில் மறுபடி இந்தக் கதவு, அப்புறம் மறுபடி. ஒவ்வொரு தடவையும் நெஞ்செலும்பை அறுத்து. அவள் கணவர் அந்த நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து போனது கண்முன் வந்தது.

"மெட்டலே வைங்க" என்றாள். குரல் தெளிவாகத்தான் வந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

பெரியம்மா நடுவில் இருந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். "நான் சொன்னேன்ல" என்று அவள் சொல்வாள் என்று சித்தி காத்திருந்தாள். பெரியம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "குடி. உனக்கு உதடெல்லாம் வெளுத்துப் போச்சு."

பொடிசு பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, தனி அறைக்குக் கொண்டுவந்தார்கள். மத்தியான வேளை, வாசலில் யாரும் நடமாடவில்லை. பொடிசு கண்ணைத் திறந்து கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்தி, உன் வாட்ச்சைக் கழட்டி வெளிய வை. சத்தமா இருக்கு."

சித்தி கையில் கைக்கடிகாரம் இல்லை.

பொடிசின் முகம் மெல்ல மாறியது. கையை நெஞ்சுக்கட்டின்மேல் வைத்தாள். "இருக்காதுன்னு சொன்ன. சத்தியமான்னு கேட்டேன். சத்தியமான்னு சொன்ன."

"டாக்டர்தான்மா அப்படி முடிவு பண்ணினார். உள்ள போய்ப் பார்த்தா அந்த வால்வு சரியில்ல" என்று அவள் அப்பா குறுக்கே வந்தார்.

"இல்ல" என்றாள் சித்தி. "டாக்டர் என்னைத்தான் கேட்டார். நான்தான் மெட்டல் வைக்கச் சொன்னேன். இப்படி ஆகலாம்னு முன்னாடியே அவர் சொன்னார். நான் உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். அது என் தப்பு."

பொடிசு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுதால் நெஞ்சுத் தையல் வலிக்கும் என்பதால் வாயை இறுக்கிக்கொண்டு கண்ணீர் மட்டும் விட்டாள். வீட்டுக்குத் திரும்புகிறவரை அவள் சித்தியிடம் பேசியதெல்லாம் "தண்ணி", "போதும்" என்ற இரண்டு சொல்தான்.

வீட்டில் வேறு ஒரு வாழ்க்கை தொடங்கியது. தினமும் ஒரே வேளைக்கு மாத்திரை. விரலில் குத்திப் பரிசோதனை. ரத்தம் அளவுக்குமேல் நீர்த்திருந்தால் பாதி மாத்திரை, கெட்டியாக இருந்தால் ஒன்றரை. ஒருநாள் பல் தேய்க்கும்போது ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை. எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அன்றிலிருந்து அப்பாவும் பெரியம்மாவும் பொடிசைக் கண்ணாடிப் பாத்திரம்போல வைத்துக்கொண்டார்கள். கத்தரிக்கோல் தொடாதே, மாடிப்படியில் ஓடாதே, விளையாட்டு வகுப்பில் உட்கார்ந்து பார். பொடிசு உட்கார்ந்து பார்த்தாள். நல்ல ரத்தம் ஓடி முகத்தில் ரோஜா நிறம் வந்திருந்தது, சில மாதத்திலேயே சட்டையெல்லாம் சிறிதாகிப் போகிற அளவுக்கு வளர்ந்திருந்தாள். ஆனால் அந்த ராணித்தனம் மட்டும் எங்கேயோ போய்விட்டது. நான் வேறு வழி சொல்லியிருந்தால் என்று சித்தி பல தடவை யோசித்தாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் இதையேதான் யோசித்திருப்பாள் என்பதும் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? யோசனை நிற்கவில்லை.

நெஞ்செலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு ஒருநாள், பொடிசு தன் சைக்கிளைப் பின்கட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தாள். டயர் இரண்டும் காற்று இறங்கிக் கிடந்தன.

"எங்க?" என்றார் அப்பா.

"தெருமுனை வரைக்கும்."

"உனக்கென்ன பைத்தியமா? விழுந்து மண்டையில அடிபட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?"

பொடிசு சைக்கிளைத் திருப்பினாள். அந்தத் திருப்பலைச் சித்தியால் பார்க்கமுடியவில்லை.

"ஓட்டட்டும்" என்றாள்.

"என்ன?"

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஹெல்மெட் போட்டா சைக்கிள் ஓட்டலாம். முட்டி மோதுற விளையாட்டுதான் கூடாது."

"அண்ணி கேட்டா என்ன சொல்றது?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் உள்ளே போனார். ஜன்னல் திரை ஓரத்தில் அவர் நிழல் தெரிந்தது. சித்தி பம்பை எடுத்து வந்து காற்றடித்தாள். பொடிசு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி மிதித்தாள். முதலில் வளைந்து வளைந்து போனாள். பிறகு நேராகப் போனாள். தெருமுனையில் திரும்பி மறைந்துவிட்டாள். முனை வரைக்கும் என்றுதான் சொல்லியிருந்தாள்.

சித்தி வாசலில் நின்றாள். ஒரு பால் வண்டி போயிற்று. ஒரு நாய் போயிற்று. திரும்பி வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஓடிப்போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு அடி வைத்தாள். பின்னால் துரத்திக்கொண்டு வந்தால் பிள்ளை என்ன நினைக்கும் என்று நின்றாள். மறுபடி இரண்டு அடி வைத்தாள்.

முனையில் பொடிசு வந்தாள். ஏறி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கையும் கரி. சித்தி ஓடினாள்.

"செயின் கழண்டுடுச்சு. அதை மாட்டினேன்ல, அதான் லேட்டு" என்றாள் பொடிசு. மூச்சு வாங்கவில்லை. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. முழங்காலுக்குக் கீழே பெடல் கிழித்து, ஒரு விரல் நீளத்துக்கு ரத்தம் வழிந்து சாக்ஸில் இறங்கிக்கொண்டிருந்தது.

சித்தி நடைபாதை விளிம்பில் அவளை உட்காரவைத்து, துப்பட்டாவின் முனையை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

"அப்பாகிட்ட சொல்லாத."

"சொல்லத்தான் போறேன். உன் எதிர்லயே சொல்றேன்."

"இனிமே விடமாட்டார்."

"அதை நான் பேசிக்கிறேன். நீ காலை ஆட்டாத."

பொடிசு தன் கரிக்கையைச் சித்தியின் கைமேல் வைத்து, தானும் சேர்ந்து அழுத்தினாள். துணியில் சிவப்பு இன்னும் பரவிக்கொண்டிருந்தது.

"நாளைக்கும் போலாமா?"

"முதல்ல இது நிக்கட்டும்" என்றாள் சித்தி.